வாரம் ஏழு நாளும் விருந்தா? விளையாட்டுப் போட்டிக்கு வந்த விளம்பரக் காசை நாங்கள் ஏன் வேண்டாம் என்றோம்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து ராத்திரி படியுங்கள். படிக்காமலே கீழே வந்து திட்டாதீர்கள். போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் வாங்கியதே இந்த வருஷத்துக்குப் போதும்.

விஷயம் இதுதான். எங்கள் கோயில் சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடாந்திர விளையாட்டுப் போட்டி வருகிறது. எண்பது பிள்ளைகள். ஒரு துரித உணவுக் கடையிலிருந்து ஆதரவு தருவதாகச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைக்கும் டீ-சட்டை, ஜெயித்தவர்களுக்கு கோழிப் பொட்டலக் கூப்பன், மைதானத்தில் வேண்டிய அளவு குளிர்பானம். பதிலுக்கு சட்டையின் முதுகிலும் பதாகையிலும் அவர்கள் சின்னம். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நாங்களும் மரியாதையாகத்தான் வேண்டாம் என்றோம். கடை பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் கிடையாது.

கோபம் வந்தது நம்ம ஆட்களுக்குத்தான். "சும்மா கிடைக்கிறதை ஏன் தள்ளுறீங்க?" "ஒரு நாள்தானே, பிள்ளைங்க சந்தோஷமா சாப்பிடட்டுமே." "நீங்க மட்டும் மாமாக் கடையில நெய் ரொட்டி சாப்பிடலையா?" "மாட்டிறைச்சி இல்லையே, கோழிதானே, இதுல சமயம் எங்க வந்துச்சு?" எல்லாமே நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் வரலாறு

துரித உணவு நேற்று வந்ததில்லை. இந்த நாட்டில் ஏ அண்ட் டபிள்யூ 1963-லேயே கடை திறந்துவிட்டது. கே.எப்.சி. 1973-இல் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் முதல் கடையைத் திறந்தது. மெக்டோனல்ட்ஸ் 1982-இல் புக்கிட் பிந்தாங்கில் வந்தது. ஆக, நம்ம வீடுகளில் இப்போது மூன்று தலைமுறை இதைப் பார்த்துவிட்டது.

முதல் தலைமுறைக்கு அது அதிசயம். சம்பளம் போட்ட சனிக்கிழமை அப்பா கூட்டிக்கொண்டு போவார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவோம். ஒரு வாளிக் கோழியை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்வோம். அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது; தீபாவளிக்கு முன்னால் இருக்கலாம், பரீட்சை முடிந்த பிறகு இருக்கலாம். அப்படிச் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நினைவு இன்றைக்கும் இனிக்கிறது. அதை மறுக்க மாட்டோம்.

இரண்டாம் தலைமுறையில் அது வார இறுதி ஆனது. மூன்றாம் தலைமுறையில் ஆறு பேர் ஒரே மேசையில் உட்காருவதே இல்லை. கிராப் அல்லது ஃபூட்பாண்டா மோட்டார் சைக்கிள் ராத்திரி பதினொரு மணிக்கு வாசலுக்கு வருகிறது. அம்மா அப்பா தூங்கிவிட்டார்கள். பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிடுகிறது. கோழி அதே கோழிதான். அதைச் சாப்பிடுகிற நாள், நேரம், கூட்டம் மூன்றும் மாறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. கே.எப்.சி.யைத் தொடங்கிய கர்னல் சாண்டர்ஸ் 1930-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கோர்பின் என்ற ஊரில், பெட்ரோல் நிலையம் வைத்திருந்தவர். வழிப்போக்கர்களுக்குச் சமைத்துப் போட்டார். அறுபது வயதுக்கு மேல், 1952-இல்தான் முதல் கிளை உரிமையைக் கொடுத்தார். அன்றைக்கு அவர்கள் செய்த விளம்பரத்தின் பொருள் என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை விருந்து, வாரம் ஏழு நாளும்! அவர் ஊரில் பொரித்த கோழி என்பது ஞாயிறு தேவாலயம் போய் வந்த பிறகு வீட்டில் சமைப்பது. அதை எல்லா நாளும் கிடைக்கும்படி செய்ததுதான் அவருடைய வியாபாரம். 1964-இல் கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு விற்றார். விற்ற பிறகு அந்தக் கடைகளின் குழம்பு முன்பு போல இல்லை என்று அவரே பகிரங்கமாகக் குறை சொல்ல, ஒரு கிளைக்காரர்கள் அவர் மேலேயே அவதூறு வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை என்பது வேறு கதை.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்த 'ஏழு நாளும் விருந்து' என்ற விஷயம். நம்ம பெரியவர்கள் கட்டிவைத்த நாட்காட்டியைப் பாருங்கள். விருந்து நாள் உண்டு, விரத நாளும் உண்டு. வெள்ளிக்கிழமை சைவம், சஷ்டி, ஏகாதசி, புரட்டாசி மாதம், தைப்பூசத்துக்கு முந்தின விரதம். அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஆட்டுக்கறி. விரதம் என்பது சாமிக்காக மட்டும் வைத்தது என்று நினைக்காதீர்கள். வயிற்றுக்கும் நாக்குக்கும் ஒரு அளவு காட்டுவது அது. விருந்து இனிப்பதே, நேற்று அது இல்லாததால்தான். ஏழு நாளும் விருந்து என்றால் விருந்தும் போச்சு, விரதமும் போச்சு. மிச்சம் இருப்பது பழக்கம் மட்டும்தான்.

கிளினிக்கில் நம்ம வரிசை

இப்போது உடம்புக்கு வருவோம். இது நாங்களாகச் சொல்லும் கணக்கு இல்லை. சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார ஆய்வு சொல்வது.

2023 ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். உடல் எடை அதிகமானவர்களும் பருமனானவர்களும் சேர்ந்து 54.4 விழுக்காடு. நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, பருமன் நான்கும் ஒன்றாக உள்ளவர்களே ஐந்து லட்சத்துக்கு மேல். இனிப்பு நீர் உள்ளவர்களில் ஐவரில் இருவருக்குத் தனக்கு அது இருப்பதே தெரியாது. முப்பது வயதுக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

நம்ம இனத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் மனசு கனக்கும். 2019 ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். நாட்டிலேயே நாம்தான் முதலிடம். படிப்பில், வியாபாரத்தில் முதலிடம் கேட்டால் கிடைக்கவில்லை, இதில் மட்டும் யாரும் கேட்காமலே கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகள்? 2022-இல் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் பத்துப் பேரில் மூன்று பேர் எடை அதிகம் அல்லது பருமன்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு கோழிக் கடைதான் காரணம் என்று சொன்னால் அது பொய். நம்ம உடம்புக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கு, பார்ப்பதற்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சீக்கிரம் சேரும். அதனால்தான் பொதுவாக உடல் எடைக் குறியீடு 25-க்கு மேல் போனால் கவனம் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள், ஆசியர்களுக்கு 23-லேயே கவனிக்க வேண்டும் என்று 2004-இல் எழுதினார்கள். "என் மகன் ஒல்லிதானே, சாப்பிடட்டும்" என்று சொல்லும் அம்மாக்கள் இதைக் கவனியுங்கள்.

அப்படிப்பட்ட உடம்புக்குள் என்ன போகிறது? மாவு தடவி எண்ணெயில் பொரித்த கோழி. கூடவே பொரித்த உருளைக்கிழங்கு. கூடவே சர்க்கரைத் தண்ணீர். மூன்றையும் ஒரே தட்டில் 'செட்' என்று கட்டி, தனித்தனியாக வாங்குவதைவிட அதுதான் லாபம் என்று காட்டுகிறார்கள். கோழியில் புரதமாவது இருக்கிறது. அந்தக் கோப்பையில் என்ன இருக்கிறது? 100 மில்லி லிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அரசாங்கம் வரி போடுகிறது. 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கி, 2025 ஜனவரியிலிருந்து 90 சென். வரி விழாத அந்த 5 கிராம் எல்லையிலேயே நிற்கிற பானம் என்றே வைத்துக்கொள்வோம். 400 மில்லி கோப்பையில் 20 கிராம் ஆகிறது. அதாவது ஐந்து தேக்கரண்டி. இலவசமாக இரண்டாவது கோப்பை நிரப்பினால் பத்து. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பது நல்லது என்கிறது. ஒரே உட்காரலில் ஒன்றரை நாள் கணக்கு முடிந்துவிட்டது.

அதன் பிறகு எங்கே போய் முடியும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இந்த நாட்டில் டயாலிசிஸ் எடுப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். புதிதாகச் சேர்பவர்களில் பெரும்பாலோருக்கு மூல காரணம் நீரிழிவு. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கோயிலுக்கு உதவி கேட்டு வரும் கடிதங்களில் அதிகமாக வருவதும் இதுதான்: டயாலிசிஸ் செலவு, கால் எடுத்த பிறகு சக்கர நாற்காலி. அன்னதானக் கணக்கு எழுதுகிற அதே நோட்டில்தான் அந்தக் கணக்கையும் எழுதுகிறோம்.

"ஒரு நாள்தானே?"

ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. உண்மை. போட்டி முடிந்து எந்த அப்பாவாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தால் நாங்கள் தடுக்கப் போவதில்லை.

ஆனால் கூப்பன் என்பது ஒரு நாள் சாப்பாடு இல்லை. அது பாடம். ஓட்டத்தில் முதலாவது வந்தால் என்ன கிடைக்கும்? பொரித்த கோழி. தேவாரம் ஒப்புவித்தால்? பொரித்த கோழி. நல்லது செய்தால் கிடைக்கும் பரிசு இதுதான் என்று ஏழு வயதில் மூளையில் பதிந்தால், நாற்பது வயதில் மனசு சோர்ந்த நாளில் கை தானாக அங்கேதான் போகும். இது அந்தக் கம்பெனிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மெக்டோனல்ட்ஸ் 1979-லேயே பொம்மையோடு பிள்ளைகளுக்கான பொட்டலத்தைக் கொண்டுவந்தது. பிறந்தநாள் விழா நடத்திக் கொடுப்பது எதற்கு? அன்றைய லாபத்துக்கா? அடுத்த நாற்பது வருஷ வாடிக்கைக்கு.

நம்ம அரசாங்கமே இதைப் புரிந்துகொண்டுதான் 2007-இல் பிள்ளைகளின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் துரித உணவு விளம்பரத்துக்குத் தடை போட்டது. தொலைக்காட்சிக்காரனே போடக்கூடாத விளம்பரத்தை, கோயில் தன் பிள்ளைகள் முதுகில் ஒட்டி ஓட விடலாமா? அந்தச் சட்டையைப் பிள்ளைகள் அடுத்த இரண்டு வருஷம் போட்டுக்கொண்டு திரிவார்கள். நெஞ்சில் முருகன் வேல், முதுகில் கோழிக் கடை. வேல் சும்மா வந்தது என்று நினைக்கிறீர்களா? அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் வாங்க வந்தார்கள். இரண்டாயிரம் வெள்ளிக்கு அது ரொம்ப மலிவு.

"கோழிதானே, சமயம் எங்க வந்துச்சு?"

விரத காலத்தில் தம்பிகள் எங்களிடம் கேட்கும் கேள்வி: "அண்ணே, ஃப்ரைஸ் சைவம்தானே?" இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை உண்டு. மெக்டோனல்ட்ஸ் 1990-இல் உருளைக்கிழங்கைப் பொரிக்க மாட்டுக் கொழுப்பை விட்டுவிட்டு முழுக்கத் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்று அறிவித்தது. அங்குள்ள இந்துக்களும் சைவர்களும் நம்பிச் சாப்பிட்டார்கள். பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, எண்ணெய் தாவரம்தான், ஆனால் உருளைக்கிழங்கில் சேர்க்கும் 'இயற்கைச் சுவை' என்பதில் மாட்டிறைச்சிச் சாறு இருந்தது. 2001-இல் சியாட்டலில் வழக்கறிஞர் ஹரிஷ் பாரதி வழக்குப் போட்டார். 2002-இல் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, சைவ, இந்து அமைப்புகள் உட்பட பல தரப்புக்கு ஒரு கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது.

அது அமெரிக்கக் கதை. இங்கே உள்ள கடைகளுக்கு ஹலால் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் ஹலால் என்றால் சைவம் என்று அர்த்தம் இல்லை. இது ரொம்பப் பேருக்குப் புரியவில்லை. விரதம் இருப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, தண்ணீர்மலை ஏறிக் காவடி இறக்கிய அடுத்த ராத்திரியே, கட்டிவைத்தது அவிழ்ந்த மாதிரி இளைஞர்கள் கூட்டமாகப் போய் வாளி வாளியாக வாங்குகிறார்கள். அசைவம் சாப்பிடுவது அவரவர் இஷ்டம். அதைக் குறை சொல்ல நாங்கள் யார்? நாற்பத்தெட்டு நாள் உடம்பு பழகிய அந்த அளவு ஒரே ராத்திரியில் போய்விடுகிறதே என்பதுதான் வருத்தம்.

"நம்ம சாப்பாடு மட்டும் யோக்கியமா?"

இல்லை. இதை நேராகவே பேசுவோம்.

கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்குக்கு அந்தச் சர்க்கரை வரி கிடையாது. கடையில் உடனே கலக்கும் பானத்துக்கு அது விழுவதில்லை. ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் குடிக்கிறவர் கே.எப்.சி.யைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நாசி கண்டார் நம்ம தமிழ் முஸ்லிம் உறவுகள் காவடி மாதிரி தோளில் கம்பு சுமந்து இந்தத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. பினாங்குக்கே பெருமை. ஆனால் அது நாள் முழுக்க மூட்டை தூக்கினவனுக்குப் போட்ட சோறு. நாம் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு அதே மலைச் சோற்றில் எல்லாக் குழம்பையும் ஊற்றிச் சாப்பிடுகிறோம். வாழை இலை சாப்பாட்டிலும் இப்போது காய்கறி ஓரத்தில், பொரித்த கோழி நடுவில். கோயில் சர்க்கரைப் பொங்கலைப் பற்றி நீங்கள் சொல்வதற்கு முன்னால் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

ஆக, வெள்ளைக்காரன் சாப்பாடு கெட்டது, நம்ம சாப்பாடு அமிர்தம் என்பது எங்கள் வாதமே இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம்ம ஊரிலும் துரித உணவு இருந்தது. காலையில் சைக்கிளில் மணியடித்து வந்த இடியப்பம், தெருமுனையில் சுடச்சுட ஆப்பம், காகிதச் சுருளில் அவித்த கடலை. ஐந்து நிமிஷத்தில் கையில் கிடைக்கும். அளவு சிறியது. விற்பவருக்கு வாங்குபவர் பெயர் தெரியும். "என்ன தம்பி, இன்னைக்கு ரெண்டாவது தடவை" என்று கேட்க ஒரு ஆள் இருந்தார். இன்றைக்குத் திரையில் தொட்டு வாங்கும்போது, பெரிய அளவுக்கு மாற்ற வேண்டுமா என்றுதான் அது கேட்கும். போதும் என்று சொல்ல அதில் பொத்தான் கிடையாது.

பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள்?

இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

போய்ப் பாருங்கள். குளிர்சாதனம் இருக்கிறது. வைஃபை இருக்கிறது. கைப்பேசிக்கு மின்சாரம் இருக்கிறது. சுத்தமான கழிவறை இருக்கிறது. ஆறு வெள்ளிக்கு ஏதோ ஒன்று வாங்கிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை. அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேருக்கு இரண்டு அறை. எஸ்.பி.எம். படிக்கிற பிள்ளை எங்கே போய் நண்பர்களோடு உட்காரும்? நம்ம கோயில் மண்டபங்கள் கல்யாணம் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கின்றன. ராத்திரி ஒன்பதுக்கு வாசல் கதவும் சாத்தியாச்சு. திறந்திருக்கிற நேரத்தில் வந்தாலும் "சட்டை என்ன இப்படி, தலைமுடி என்ன இப்படி, என்ன மார்க் வாங்கினே" என்று விசாரணை. கோழிக் கடையில் யாரும் மார்க் கேட்பதில்லை.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். படிவம் ஐந்து முடித்த நம்ம பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை, முதல் சம்பளம் அங்கேதான். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 சென். நேரத்துக்கு வருவது, கை கழுவுவது, வாடிக்கையாளரிடம் பணிவாகப் பேசுவது எல்லாம் அங்கே கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் தொண்டர்களிலேயே அப்படி வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். அன்னதானச் சமையலறையை அவர்கள் சுத்தம் செய்கிற அழகே தனி. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை யாரும் கேவலமாகப் பேசக்கூடாது.

இதில் நம்ம காசும் கலந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இங்கே கே.எப்.சி.யை நடத்தும் கியூ.எஸ்.ஆர். நிறுவனத்தை 2013-இல் வாங்கித் தனியார் நிறுவனமாக்கியவர்களில் ஜொகூர் கார்ப்பரேஷனோடு நம்ம ஊழியர் சேமநிதி வாரியமும் ஒன்று. அதாவது நாம் சாப்பிடும் கோழியிலிருந்து நம்ம ஓய்வுக்காலப் பணத்துக்கு ஒரு துளி வருகிறது. அந்த ஓய்வுக்காலப் பணத்தை எடுத்து டயாலிசிஸுக்குக் கொடுக்கிறோம். வட்டம் எவ்வளவு அழகாகச் சுற்றுகிறது பாருங்கள்.

உடைப்பதால் ஒன்றும் ஆகாது

1995-இல் கே.எப்.சி. இந்தியாவில் முதல் கடையைப் பெங்களூரில் திறந்தபோது விவசாயிகள் தலைவர் நஞ்சுண்டசாமி எதிர்த்தார். 1996 ஜனவரியில் அவர் இயக்கத்தினர் கடைக்குள் புகுந்து உடைத்தார்கள். கண்ணாடி உடைந்தது. இன்றைக்கு இந்தியாவில் அந்தக் கடைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சத்தம் போட்டு விரட்ட முடியாது.

ஆனால் வாங்குகிறவன் மனசு வைத்தால் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். காஸா போருக்குப் பிறகு நம் நாட்டில் மக்கள் புறக்கணித்தபோது, 2024 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட கே.எப்.சி. கடைகள் தற்காலிகமாக மூடப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. பொருளாதார நிலை சரியில்லை என்று கம்பெனி சொன்னது. அந்த அரசியலை இங்கே பேச வரவில்லை. அதில் வேலை இழந்து தவித்தவர்களையும் மறக்கவில்லை. "நம்மால் விட முடியாது" என்பது மட்டும் உண்மை இல்லை என்று சொல்கிறோம். ஒரு காரணம் மனசில் பட்டால் இந்த நாட்டு மக்கள் விடுகிறார்கள். நம்ம பிள்ளைகளின் சிறுநீரகம் ஒரு காரணமாகப் படவில்லையா?

இதைச் சொல்வதற்குப் பினாங்கைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969-இல் இங்கேதான் பிறந்தது. தமிழகத்தில் பிறந்து இந்த ஊருக்கு வந்த எஸ்.எம்.முகமது இட்ரிஸ் 2019-இல் மறையும் வரை அதை நடத்தினார். சர்க்கரை, துரித உணவு, பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரம் பற்றி யாரும் பேசாத காலத்திலேயே அந்தச் சங்கம் பேசியது. அப்போது சிரித்தவர்கள் இப்போது மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

நாங்கள் என்ன செய்யப் போகிறோம்?

வேண்டாம் என்று சொல்வது சுலபம். பதிலுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. தொண்டர்கள் கூடி முடிவெடுத்தது:

1. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மண்டபம் ராத்திரி பத்தரை வரை பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும். மேசை, மின்விசிறி, வைஃபை உண்டு. பெரியவர்கள் இருவர் ஓரமாக இருப்பார்கள். மார்க் கேட்க மாட்டார்கள். இது சத்தியம்.

2. போட்டிப் பரிசு பூப்பந்து மட்டை, புத்தகக் கூப்பன், கால்பந்து. சட்டையில் கோயில் பெயர் மட்டும்.

3. மைதானத்தில் தண்ணீரும் உப்பு மோரும். பசிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், இடியப்பம், வாழைப்பழம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் சிரப் பானத்துக்கு முன்னால் முதல் மேசையில் வெறும் தண்ணீர் இருக்கும்.

4. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அர்ச்சனைச் சீட்டு முகப்புக்குப் பக்கத்தில் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. தாதியராக இருக்கும் தொண்டர்கள் முன்வந்திருக்கிறார்கள். முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் முதலில் வாருங்கள்.

5. மாதம் ஒரு சனிக்கிழமை சமையல் வகுப்பு. ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாயம். சாம்பார் வைக்கத் தெரிந்தவன் ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளை எதிர்பார்த்து உட்கார மாட்டான்.

பெற்றோர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கடைக்குப் போகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் நீங்களும் கேட்கப்போவதில்லை. போங்கள். ஆனால் பழையபடி போங்கள். எப்போதாவது, எல்லாரும் சேர்ந்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு வாளியை ஆறு பேர் பங்கு போட்டு. குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர் கேளுங்கள். விருந்தை விருந்தாகவே வைத்திருங்கள். அது பிள்ளைக்கும் நல்லது, அந்த நினைவுக்கும் நல்லது.

கடைசியாக, காசு விஷயம். விளம்பரத்தை விட்டதால் போட்டிக்கு இரண்டாயிரம் வெள்ளி துண்டு விழுகிறது. எண்பது பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு இருபத்தைந்து வெள்ளி. குடும்பத்தோடு ஒரு வேளை கோழிக் கடைக்குப் போகும் செலவில் பாதிகூட இல்லை. முடிந்தவர்கள் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். காசு முடியாதவர்கள் கொண்டைக்கடலை, வாழைப்பழம், தயிர் கொடுங்கள். அதுவும் முடியாதவர்கள் காலை ஆறு மணிக்கு வந்து இடியப்பம் பிழியுங்கள். கை வலிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் முடிவு தவறு என்று நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறோம். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம்: உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது சர்க்கரை பரிசோதித்தீர்கள் என்று பாருங்கள். தேதி ஞாபகம் வரவில்லை என்றால், விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் பரிசோதனைக்கு வாருங்கள்.

வேலும் மயிலும் துணை.